அயனாவரத்து அடுப்பில் ஹெம்ப் விதை

கஞ்சாவில் சமைப்பது எப்படி என்று தேடி வந்தவர்கள் இந்தப் பத்தியோடு திரும்பிப் போய்விடலாம். இங்கே போதை கிடையாது. அந்தச் செடியின் விதையை (கடையில் ஹெம்ப் விதை என்பார்கள்) மட்டும் எடுத்து, மழை கொட்டுகிற ராத்திரியிலும் உடம்பு முடியாத நாளிலும் நாம் தேடுகிற சாப்பாட்டில் எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பொடி சாதம், துவையல், சேப்பங்கிழங்குக் குழம்பு, கஞ்சி, தயிர் சாதம், அடை. இவ்வளவுதான். எதில் போடக்கூடாது என்பதையும் நடுநடுவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எள் மாதிரி கைநிறைய அள்ளிப் போடும் விலையில் கிடைக்கும் சரக்கு இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டுச் சமையல் என் கைக்கு வந்துவிட்டது. மனைவி இன்னும் வேலைக்குப் போகிறார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பல் பாதிதான். மகள் டேராடூனில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு துணிப்பையில் சாம்பல் நிற விதை கொண்டுவந்து, "அப்பா, இதை அரைச்சு சட்னி பண்ணுவாங்க, நீங்க பண்ணிப் பாருங்க" என்றாள். என்ன விதை என்று கேட்டதும் என் மனைவி வாசல் கதவைச் சாத்தியதுதான் முதலில் நடந்தது.

அந்தப் பயம் பலருக்கும் இருக்கும். அதனால் சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது அந்தச் செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியை. நுனியோடு ஒட்டி வராத விதை அந்த வரையறைக்குள் வராது. 2021இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்த விதையையும், விதை எண்ணெயையும், விதை மாவையும் உணவுப்பொருளாக ஏற்றுக்கொண்டு அளவு வகுத்தது. போதை தருகிற டி.எச்.சி. என்ற பொருள் ஒரு கிலோ விதையில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. உண்மையில் விதைக்குள் அது உருவாவதே இல்லை. பூவைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் அந்தப் பிசின் ஊறுகிறது. அறுவடையின்போது அது விதையின் தோலில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த வரம்பு.

ஆனால் ஒன்று. பச்சை விதை கையில் இருக்கிறதே என்று மொட்டை மாடித் தொட்டியில் இரண்டைப் போட்டு வைக்காதீர்கள். எந்த நோக்கத்துக்காக வளர்த்தாலும், உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம். உத்தராகண்டில் 2018 முதல் போதை குறைந்த வகையை உரிமத்தோடு பயிரிட விடுகிறார்கள் என்பது அங்கே. இங்கே கிடையாது. கஞ்சாவை நெய்யில் காய்ச்சி இனிப்பில் கலப்பது பற்றி யாராவது வீடியோ அனுப்பினால், அதைச் செய்து பார்க்க வேண்டாம் என்பதற்குச் சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சாப்பிட்ட கஞ்சா தலைக்கேற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டை எடுத்து வாயில் போடுகிறவர்கள்தான் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். சரி, விதைக்கு வருவோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, தோல் உள்ளதா, நீக்கியதா. தோலுள்ள விதை கொத்தமல்லி விதையைவிடச் சிறியது, உருண்டை, சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் கோடு கோடாக இருக்கும். கடித்தால் மொறுமொறு என்று உடையும். வறுக்கவும் அரைக்கவும் இதுதான் நல்லது. தோல் நீக்கியது வெளிர் நிறத்தில், அங்கங்கே பச்சைப் புள்ளியோடு, மெத்தென்று இருக்கும். வறுக்கவே தேவையில்லை, அப்படியே தூவலாம். விலை கூடுதல். இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வீட்டில் வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ இருந்தால் தோல் நீக்கியதை வாங்குங்கள். காரம் மணமாகச் சாப்பிடுகிற வீடு என்றால் தோலுள்ளது.

இரண்டாவது, பொட்டலத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் பொதிந்த தேதியும் இருக்க வேண்டும். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் இது கிடைக்காது. கேட்டுப் பார்த்தேன். "சார், அதெல்லாம் நம்மகிட்ட கேக்காதீங்க" என்று அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இயற்கை அங்காடிகளிலும் ஆன்லைனிலும் தேடினால் கிடைக்கும். உதிரியாக, பெயர் ஊர் இல்லாமல் பாலிதீன் பையில் யாராவது விற்றால் வாங்க வேண்டாம். காம்புத் துணுக்கும் இலைத்தூளும் கலந்த விதை என்றால் அது சட்டத்துக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது.

மூன்றாவது, உத்தராகண்ட் மலைப்பக்கத்திலிருந்து யாராவது வாங்கி வந்தால் பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. அங்கே பாங்க்ஜீரா என்று இன்னொரு விதையும் விற்கிறார்கள். அது வேறு செடி, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதையும் சட்னி அரைக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் கீழே சொல்கிற வறுக்கும் நேரமும் அளவும் அதற்குப் பொருந்தாது.

வாங்கி வந்தவுடன் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். தோலுள்ள விதையில் மூன்றில் ஒரு பங்கு, தோல் நீக்கியதில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், அதுவும் சீக்கிரம் காறிப்போகிற வகை எண்ணெய். தோல் நீக்கியது இன்னும் மோசம், கவசம் போய்விட்டதல்லவா. நம் ஊர் சித்திரை வெயிலில் சமையலறை அலமாரியில் வைத்தால் கொஞ்ச நாளிலேயே பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்த பிறகு எவ்வளவு வறுத்தாலும் போகாது, கொட்டிவிட வேண்டியதுதான். மூடி இறுகின கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நான் ஃப்ரீசரிலேயே வைத்துவிடுகிறேன். உறைந்து கட்டியாகாது, தேவைக்கு ஸ்பூனால் எடுத்துக்கொள்ளலாம். ஈர ஸ்பூன் மட்டும் கூடாது.

இப்போது பொடி. இதில் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எள்ளுப் பொடி செய்யத் தெரிந்த கை இதிலும் அப்படியே போகும், போனால் கசந்துவிடும்.

தோலுள்ள விதை ஒரு கப், வெள்ளை உளுத்தம் பருப்பு அரை கப், காய்ந்த மிளகாய் பத்து பன்னிரண்டு, கறிவேப்பிலை இரண்டு கொத்து, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, புளி கோலியளவு, கல்லுப்பு. விதையைக் கழுவத் தேவையில்லை, ஆனால் புடைக்க வேண்டும். மண்ணும் பதரும் இருக்கும். முறம் இல்லாத வீடு என்றால் ஒரு தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே கையால் தள்ளித் தள்ளிப் பாருங்கள், போதும்.

இரும்புச் சட்டியைச் சிறுதீயில் வைத்து முதலில் பெருங்காயத்தை ஒரு சொட்டு எண்ணெயில் பொரித்து எடுத்துவிடுங்கள். அதே சட்டியில் உளுந்து பொன்னிறமாக. பிறகு மிளகாய், கறிவேப்பிலை, புளி. எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிவிட்டு, சட்டியை ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் விதையைப் போட வேண்டும். உளுந்துத் தூள் அடியில் கிடந்து கருகினால் அந்தக் கருகல் வாசனையை இந்த விதை உடனே பிடித்துக்கொள்ளும்.

விதையைப் போட்டபின் அடுப்பை விட்டு நகரக்கூடாது. போன் அடித்தாலும் எடுக்கக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றிரண்டு டப் டப்பென்று வெடிக்கும். கிளறிக்கொண்டே இருங்கள். வெடிப்பு வரிசையாக வரத் தொடங்கியதும் ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். தோல் மொறுகி, உள்ளே வேர்க்கடலை வாசம் வந்தால் முடிந்தது. எல்லா விதையும் வெடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எள் வெடித்து அடங்கும் வரை நாம் நிற்போம், இதில் அப்படி நின்றால் கசப்பு ஏறிவிடும். அடுப்பை அணைத்தவுடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். இரும்புச் சட்டி அணைத்த பிறகும் வறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆறவிடுங்கள். தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்கக்கூடாது. சூடாக மிக்ஸியில் போட்டால் எண்ணெய் கக்கி, பொடி வேண்டியவருக்கு உருண்டைதான் கிடைக்கும். முதலில் உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை, புளி, பெருங்காயம், உப்பு ஆகியவற்றைக் கரகரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் விதையைப் போட்டு, மிக்ஸியை விட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடிதான் ஓட்ட வேண்டும். நாலைந்து முறை போதும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து ஓரத்தை ஸ்பூனால் தள்ளிவிடுங்கள்.

தோல் கொஞ்சம் நறநறவென்று பல்லில் படும். எனக்கும் என் மனைவிக்கும் அது பிடிக்கிறது. அம்மாவுக்குச் சல்லடையில் சலித்து, கீழே விழுகிற பொடியைத் தனியாக எடுத்து வைக்கிறேன். மேலே நிற்கிற சக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடைக்கு வேண்டும்.

சூடான சாதத்தில் இரண்டு ஸ்பூன் பொடி, மேலே நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். இட்லிக்கும் இதே பொடி ஆகும், ஆனால் என் வீட்டில் இட்லிக்கு எள் போட்ட மிளகாய்ப் பொடியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. மனைவி திருநெல்வேலிக்காரர். இதில் விவாதம் பண்ணுவதில் பலனில்லை. பொடி ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். ஒரே நேரத்தில் நிறையச் செய்து வைக்காமல் ஒரு கப் ஒரு கப்பாகச் செய்துகொள்வது நல்லது.

அடுத்து துவையல், அதாவது மகள் சொன்ன சட்னி. உத்தராகண்டின் குமாவுன் மலைப்பக்கத்தில் வறுத்த விதையோடு சீரகம், மிளகாய், கொத்தமல்லி அல்லது புதினா, உப்பு வைத்து அரைத்து, எலுமிச்சை பிழிகிறார்கள். அங்கே மலை எலுமிச்சை பெரிதாக, சாறு நிறைய இருக்கும். நம் நாட்டு எலுமிச்சை என்றால் கால் கப் விதைக்கு ஒரு பழம் சரியாக வரும். விதையை மேலே சொன்ன மாதிரி வறுத்து, அரை ஸ்பூன் சீரகத்தை அதே சூட்டில் புரட்டி, பச்சை மிளகாய் இரண்டு, புதினா ஒரு பிடி, உப்பு. அம்மியில் அரைத்தால் ஒரு சுவை, மிக்ஸியில் அரைத்தால் ஒரு சுவை என்று எல்லோரும் சொல்வதுதான். இதில் அது நிஜம். மிக்ஸி தோலை வெட்டும், அம்மி தோலை நசுக்கும். அம்மி இல்லாதவர்கள் விதையை மட்டும் தண்ணீர் விடாமல் முதலில் பொடித்துவிட்டு, பிறகு மற்றதைப் போட்டு ஓட்டுங்கள். எலுமிச்சையைக் கடைசியில், கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு பிழிய வேண்டும். நான் ஒரு பல் பூண்டும் வைக்கிறேன். பருப்பு சாதத்துக்கும் சப்பாத்திக்கும் இது பிரமாதம். தேங்காய் சேர்த்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், இரண்டு கொழுப்பும் மோதி எந்த ருசியும் முன்னால் வராது.

இந்த விதையில் செய்கிற பண்டங்களில் எனக்குப் பிடித்தது குழம்புதான். அதுவும் சேப்பங்கிழங்கு. மலைப்பக்கத்தில் இதே கிழங்கு வகையை இந்த விதையை அரைத்த பாலில் சமைப்பார்கள் என்று மகள் சொன்னபோது, வத்தக்குழம்புக்கும் தேங்காய்ப்பால் குழம்புக்கும் நடுவே ஒரு இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் தாளிப்பு வேறு. நான் செய்கிறது நம் வழி.

பால் எடுக்கத் தோல் நீக்கிய விதை கால் கப், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கப். ஊறவைக்க வேண்டாம். மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டினால் வெள்ளையாகப் பால் வரும். குழம்புக்கு வடிகட்டத் தேவையில்லை. தோலுள்ள விதைதான் இருக்கிறதென்றால் லேசாக வறுத்து, நாலு மணி நேரம் ஊறவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை பிழிய வேண்டும். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும்.

அரைக்கிலோ சேப்பங்கிழங்கைக் குக்கரில் வேகவையுங்கள். சின்னக் கிழங்கு என்றால் இரண்டு விசில். குழைந்துவிட்டால் குழம்பு கூழாகிவிடும். கை அரிக்கிறவர்கள் தோலுரிக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கிழங்கில் இருக்கிற ஊசி மாதிரியான ஆக்ஸலேட் துகள்கள்தான் அரிப்புக்குக் காரணம், வேகும்போதும் புளி சேரும்போதும் அது அடங்கும். அதனால் இந்தக் குழம்பில் புளியை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

சட்டியில் நல்லெண்ணெய் மூன்று ஸ்பூன், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு எட்டுப் பல், முழுசாகவே வதங்கட்டும். தக்காளி இரண்டு. அது கரைந்ததும் மஞ்சள், மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன், மல்லித்தூள் இரண்டு ஸ்பூன். பாதி எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவிடுங்கள். கிழங்கைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம்.

இப்போது அடுப்பைச் சிறுதீக்குக் குறைத்து, கொதி அடங்கும் வரை இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகுதான் விதைப்பால். ஊற்றிக் கிளறி, ஓரத்தில் லேசாக நுரை கட்டியதும் அணைத்துவிட வேண்டும். இந்தப் பாலில் புரதம் நிறைய, நன்றாகக் கொதித்தால் அது திரண்டு தனியாகப் பிரிந்துவிடும். இப்படிச் சூட்டில் திரளும் குணத்தை வைத்துத்தான் சில இடங்களில் இதில் பன்னீர் மாதிரி கட்டி செய்கிறார்கள். புளி இருப்பதால் நம் குழம்பில் இன்னும் சீக்கிரமாகவே பிரியும். பிரிந்துவிட்டாலும் ருசி கெடாது. ஒரு கிழங்கை மசித்து அரைக் கரண்டிக் குழம்பில் கலக்கி ஊற்றினால் பார்வைக்குச் சேர்ந்துகொள்ளும். மறுநாள் சூடுபண்ணும்போதும் இதே கவனம் வேண்டும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். சாதத்தைவிட ஆப்பத்துக்கு இன்னும் பொருத்தம்.

மற்றவை சுலபம். அம்மாவுக்கு ராத்திரிக் கஞ்சி: புழுங்கலரிசி நொய் கால் கப், பாசிப்பருப்பு இரண்டு ஸ்பூன், பூண்டு நாலு, சீரகம், தண்ணீர் இரண்டு கப், குக்கரில் ஐந்து விசில். மசித்து, உப்புப் போட்டு, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு தோல் நீக்கிய விதை ஒரு மேசைக்கரண்டி, மேலே மிளகுத்தூள். மேசைக்கரண்டி ஒன்றுக்கு மூன்று கிராம் புரதம் சேரும். முட்டை சாப்பிடாத, பருப்பு அதிகம் செரிக்காத வயதில் இது ஒரு உதவி. அம்மா முதல் நாள், "டேய், இதுல என்னடா எறும்பு முட்டை மாதிரி கெடக்கு" என்று கேட்டார். இப்போது போடாவிட்டால் கேட்கிறார்.

தயிர் சாதத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வழக்கம்போல பிசைந்து, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, பரிமாறும்போது தோல் நீக்கிய விதையைத் தூவ வேண்டியதுதான். முன்னாடியே கலந்து வைத்தால் ஊறி மொதமொதவென்று ஆகிவிடும். மாதுளை முத்து போடுகிற வீடுகளில் மாதுளையோடு சேர்ந்து இது அழகாக இருக்கும்.

ரசத்தில் போடாதீர்கள். எண்ணெய்ப் படலம் மேலே மிதந்து ரசத்தின் துல்லியமே போய்விடும். சாம்பாரில் போட்டால் போட்டதே தெரியாது, காசுதான் வீண். வடை மாவில் போட்டால் காய்கிற எண்ணெயில் விதை முதலில் கருகும்.

விதை எண்ணெயும் விற்கிறார்கள், கரும்பச்சையாக, புல் வாசனையோடு இருக்கும். 165 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும், அதனால் தாளிப்புக்கு ஆகவே ஆகாது. நல்லெண்ணெய் செய்கிற வேலையை அது செய்யாது. வெள்ளரிக்காய், கேரட் கோசம்பரியில் அரை ஸ்பூன் விடலாம், அவ்வளவுதான். நான் ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டேன்.

எவ்வளவு சாப்பிடலாம்? 30 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி தோல் நீக்கிய விதையில் ஒன்பது கிராமுக்கு மேல் புரதம், பதினான்கு கிராமுக்கு மேல் கொழுப்பு. கொழுப்பு நல்ல வகைதான் என்றாலும் கொழுப்பு கொழுப்புதான். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பழகாத வயிறு இளகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், சென்னையில் கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை உண்டு. உரிம எண் இல்லாத, பிசின் ஒட்டிய மலைவிதையை அவர்கள் தொடவே வேண்டாம். வீண் வம்பு.

சக்கையை எடுத்து வைக்கச் சொன்னேனே, அந்த அடைக்கு: இட்லி அரிசி ஒரு கப், கடலைப் பருப்பு, துவரம் பருப்பு ஒவ்வொன்றும் கால் கப், உளுந்து இரண்டு ஸ்பூன், மூன்று மணி நேரம் ஊறட்டும். காய்ந்த மிளகாய் ஆறு, சோம்பு அரை ஸ்பூன், பெருங்காயம், உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரைத்து, சலித்து மீந்த சக்கையை அப்படியே மாவில் கலந்துவிடுங்கள். சக்கையில் ஏற்கெனவே உப்பும் காரமும் இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை ஒரு பிடி, நறுக்கிய வெங்காயம். தோசைக்கல்லில் கனமாகத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு அதில் எண்ணெய் விட்டு, மூடி வைத்து, தீயை நடுத்தரத்துக்கு மேல் ஏற்றாமல் வேகவையுங்கள். இந்தத் தோல்தான் அடைக்கு மொறுமொறுப்பு. மாவு மறுநாள் வரை இருந்தால் புளித்து, விதை வாசனையோடு சேர்ந்து ஒரு மாதிரி ஆகிவிடும். அதனால் அன்றைக்கே சுட்டு முடித்துவிடுங்கள். வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்ள இருந்தால் சட்னி அரைக்கிற வேலையும் மிச்சம்.